ஒருத்திகூட மறுக்கவில்லையா?

ஜனவரி பிறந்தால் என் மேசைக்கு வினாப்பட்டியல்கள் வந்துவிடும். நான் தமிழ்த்துறை. ஆனால் எங்கள் கல்லூரியில் எம்.எஸ்.டபிள்யூ. படிக்கும் மாணவிகள், இறுதிப் பருவ ஆய்வேட்டுக்காக ஆங்கிலத்தில் தயாரித்த கேள்விகளைத் தமிழாக்க என்னிடம்தான் வருவார்கள். "இலக்கியத் தமிழெல்லாம் வேணாம் மேம், சனங்களுக்குப் புரிஞ்சா போதும்" என்பார்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவருகிறேன். சமூகப்பணி ஆய்வுமுறையில் எனக்குப் பட்டம் கிடையாது. ஆனால் ஒரு கேள்வி ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போது அதன் மேல்சட்டை கழன்றுவிடும். உள்ளே இருப்பது என்னவென்று அப்போது தெரிந்துவிடும். அப்படிப் பார்த்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு வந்த ஒரு பட்டியலை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். மணமான பெண்கள்மீதான குடும்ப வன்முறை பற்றிய ஆய்வு. 60 பெண்கள், 42 கேள்விகள், பத்து நாள்கள். அதில் 28ஆவது கேள்வி: உங்கள் விருப்பம் இல்லாமல் கணவர் உங்களை உடலுறவுக்கு வற்புறுத்துவது உண்டா? எப்போதும், அடிக்கடி, சில நேரங்களில், அரிதாக, ஒருபோதும் இல்லை. ஐந்து கட்டங்கள். ஏதாவது ஒன்றில் டிக் அடிக்க வேண்டும்.

"இத எங்க வச்சும்மா கேப்பே?" என்றேன்.

"வீட்டுலதான் மேம். சாயங்காலம், அவங்க வேலைக்குப் போயிட்டு வந்தப்பறம்."

"அந்நேரம் வீட்டுல யார் யார் இருப்பாங்க?"

"மாமியார் இருப்பாங்க. பிள்ளைங்க இருப்பாங்க. சில வீட்டுல வீட்டுக்காரரும்..." என்று இழுத்தவள், அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள். "ஆனா ஒப்புதல் படிவம் இருக்கு மேம். கையெழுத்துப் போடத் தெரியாதவங்கன்னா ஒரு சாட்சிக் கையெழுத்து வாங்கணும். அத மாமியார்கிட்டயே வாங்கிக்கலாம்னு நெனச்சேன்."

உன் கணவன் உன்னை வற்புறுத்துகிறானா என்று மருமகளிடம் கேட்பதற்கு மாமியார் சாட்சி!

அந்தப் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். அவள் குடும்பத்தில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் அவள். பாடத்தில் சொன்னதைச் சொன்னபடி செய்தாள். படிவம் வேண்டும் என்றார்கள், வைத்திருந்தாள். சாட்சி வேண்டும் என்றார்கள், அதற்கும் ஆள் பார்த்துவிட்டாள். நெறிமுறை என்ற பெயரில் நாம் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது அவ்வளவுதான். குற்றம் கற்பித்த நம்முடையது.

ஒப்புதல் படிவங்களை வரிசையாக மொழிபெயர்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தத் தாள் அந்தப் பெண்ணைக் காப்பாற்ற எழுதப்பட்டதாக எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. 'நான் எந்த வற்புறுத்தலும் இன்றி, முழு மனதுடன், இந்த ஆய்வின் நோக்கத்தை நன்கு அறிந்து...' இந்த வாக்கியத்தை வேறெங்கே கேட்டிருக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் சகோதரனுக்குச் சொத்தை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் பெண்கள் இதே போன்ற வாக்கியத்தின் கீழ்தான் கைநாட்டு வைக்கிறார்கள். அறுவை அரங்கின் வாசலில் நீட்டப்படும் தாளிலும் இதே தொனிதான். நாளைக்குப் பிரச்சினை வந்தால் எடுத்துக் காட்டுவதற்காக, கேட்பவர்கள் தங்களுக்கென்று எழுதி வைத்துக்கொண்ட வாக்கியம் அது.

மௌனம் சம்மதம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நம் பெண்கள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் தலை குனிந்து நின்றதையே சம்மதம் என்று எழுதிக்கொண்ட ஊர் இது. வேண்டாம் என்று சொன்னால் அதற்கு ஒரு காரணம் கேட்கும் ஊர். அந்தக் காரணத்தையும் ஏற்காத ஊர். இந்த ஊரில் ஒரு பெண்ணிடம் போய், "விருப்பம் இருந்தால் பதில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மறுக்கலாம்" என்று படிவத்திலிருந்து வாசித்துவிட்டால் மறுக்கும் உரிமை வந்துவிடுமா?

அந்த மாணவியை அந்த வீட்டுக்குக் கூட்டிப்போனது யார் என்று பாருங்கள். பெரும்பாலும் மகளிர் சுயஉதவிக் குழுவின் தலைவி. அல்லது அங்கே வேலை செய்யும் தொண்டு நிறுவனத்தின் களப்பணியாளர். அல்லது அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதார செவிலியர். அடுத்த கடன் யாருக்கு என்பதில் தலைவிக்கு ஒரு சொல் உண்டு. பிள்ளைக்குச் சத்துமாவு அங்கன்வாடியில்தான். அவர்கள் கூட்டிவந்த 'காலேஜ் பொண்ணை' வாசலிலேயே திருப்பி அனுப்ப எந்தப் பெண்ணால் முடியும்? பாடநூல்கள் இந்த ஆளை 'வாயில்காப்பாளர்' என்று அழகாகச் சொல்லும். வாயில்காப்பாளர் வழியாகப் போனால் ஒத்துழைப்பு எளிதில் கிடைக்கும் என்றும் சொல்லும். எளிதில் கிடைப்பது ஏன் என்று மட்டும் சொல்லாது.

நெறிமுறைப் பாடத்தில் என்ன இருக்கிறது என்று மாணவிகளின் குறிப்பேடுகளை வாங்கிப் பார்த்தேன். 1947 நியூரம்பர்க் விதிகள், 1964 ஹெல்சிங்கி அறிக்கை, 1979 பெல்மாண்ட் அறிக்கை. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, மேகப்புண் நோய் கண்ட கறுப்பின ஆண்களுக்குப் பென்சிலின் இருந்தும் கொடுக்காமல் நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்த கொடுமை. எல்லாமே தெரிந்துகொள்ள வேண்டியவைதான். ஆனால் ஆண்டுகளை மனப்பாடம் செய்து ஐந்து மதிப்பெண் வாங்கிவிட்டு, இதெல்லாம் எங்கோ வெள்ளைக்காரன் செய்த பாவம் என்று மூடி வைத்துவிடுகிறார்கள். திண்டுக்கல்லைப் பற்றி அந்தக் குறிப்பேடுகளில் ஒரு வரி இல்லை.

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டு ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. கருப்பை வாய்ப் புற்றுநோயைச் செலவு குறைந்த ஒரு பரிசோதனையால் முன்கூட்டியே கண்டுபிடித்து, இறப்பைக் குறைக்க முடியுமா என்பது கேள்வி. நல்ல கேள்விதான். 30 முதல் 59 வயது வரையிலான பெண்களை ஊர்த் தொகுதிகளாகப் பிரித்தார்கள். 57 தொகுதிகளில் இருந்த 49,311 பெண்களுக்குப் பரிசோதனை தருவது, மற்ற 57 தொகுதிகளில் இருந்த 30,958 பெண்களுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் என்று சீட்டுப் போட்டு முடிவானது. முடிவு 2007இல் லான்செட் இதழில் வந்தது. பரிசோதனை தரப்பட்ட தொகுதிகளில் அந்தப் புற்றுநோயால் ஏற்பட்ட இறப்பு 35 விழுக்காடு குறைந்திருந்தது. நல்ல செய்தி.

இப்போது இரண்டாவது தொகுதியில் இருந்த ஒருத்தியாக நின்று இதை வாசியுங்கள். 'வழக்கமான சிகிச்சை' என்பதற்கு நம் கிராமத்துப் பெண்ணுக்கு என்ன பொருள்? அன்றைக்கு அவளுக்கு இந்த நோய்க்கான வழக்கமான பரிசோதனை என்று ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததற்கு வைத்த பெயர் அது. திண்டுக்கல்லிலும், இதே போன்ற ஆய்வு நடந்த மும்பையிலும் உஸ்மானாபாத்திலும், பரிசோதனை தராமல் ஒரு தொகுதியை ஒப்பீட்டுக்கென்று வைத்தது சரியா என்று பிற்பாடு மருத்துவ அறவியல் இதழ்களில் கடுமையான விவாதம் நடந்தது. நாட்டில் நடைமுறையில் இல்லாத பரிசோதனையை யாருக்கும் மறுத்ததாகச் சொல்ல முடியாது என்று ஆய்வாளர்கள் பதில் சொன்னார்கள். இருதரப்பு வாதத்தையும் மாணவி வாசிக்கட்டும், சண்டை போடட்டும், தானே ஒரு முடிவுக்கு வரட்டும். பேருந்தில் இரண்டு மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊரில் நடந்ததை விட்டுவிட்டு அலபாமாவை மட்டும் சொல்லித் தருவது என்ன பாடம்?

2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டு ஓர் ஆய்வு நடந்தது. கம்மத்தில் பலர் விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகள். ஆய்வுக் காலத்தில் ஏழு சிறுமிகள் இறந்தார்கள். அந்த இறப்புகளைத் தடுப்பூசியோடு தொடர்புபடுத்த முடியாது என்று விசாரணைக் குழு சொன்னது. தடுப்பூசிக்கு எதிராக நான் பேசவில்லை, என் மகளுக்குப் போட்டிருக்கிறேன். நான் சொல்ல வருவது வேறு. 2010இல் ஆய்வு நிறுத்தப்பட்டு விசாரித்தபோது, பெற்றோர் போட வேண்டிய ஒப்புதல் கையெழுத்தை எத்தனையோ பிள்ளைகளுக்கு விடுதிக் காப்பாளரும் தலைமை ஆசிரியரும் போட்டிருந்தது தெரிந்தது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதை வெளுத்து வாங்கியது. காட்டுக்குள் இருக்கும் தாய் தகப்பனைத் தேடிப் போவதைவிட, விடுதிக் காப்பாளரிடம் ஒரே நாளில் கட்டுக்கட்டாகக் கையெழுத்து வாங்குவது எளிது. என்னிடம் வந்த மாணவியும் எளிதான ஆளைத்தான் சாட்சிக்குத் தேர்ந்தாள். அளவில்தான் வேறுபாடு.

மற்றவர்களைச் சொல்லிவிட்டு என்னை விட்டுவிட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

நான் முனைவர் பட்டத்துக்கு ஒப்பாரிப் பாடல்களைச் சேகரித்தவள். 2003இல், கழுத்தில் ஒரு துணிப்பை, அதற்குள் டேப் ரெக்கார்டர், 60 நிமிடக் கேசட்டுகள், வெற்றிலை பாக்கு ஒரு பொட்டலம். சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரி பாடக்கூடாது, பாடினால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். அதனால் பெண்கள் ஊருக்கு வெளியே கூட்டிப் போய்த்தான் பாடிக் காட்டுவார்கள். ஒரு அப்பத்தா என்னைக் கண்மாய்க் கரைக்குக் கூட்டிப்போனார். முதலில் தன் தாய்க்குப் பாடினார். அந்தப் பாட்டுக்குள்ளேயே அண்ணன் தம்பிகள் நிலத்தில் பங்கு தராமல் விரட்டியது வந்தது. பிறகு நான் கேட்காமலே அடுத்த பாட்டு. அது அவருடைய மூத்த மகளுக்கு. தம்பி மகனுக்கே கட்டிக்கொடுத்த மகள். வயிற்று வலி தாங்காமல் கிணற்றில் விழுந்து செத்தாள் என்று ஊருக்குச் சொல்லப்பட்டவள். அது வயிற்று வலி இல்லை என்று அந்தப் பாட்டு சொன்னது. யாரால் என்பதையும் சொன்னது.

கேசட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் அழுதேன். அழுதுகொண்டே பக்கத்தைத் திருப்பிப் போட்டேன்.

ஆய்வேட்டின் பின்னிணைப்பில், எங்கள் துறை வழக்கப்படி, தகவலாளர் பட்டியல் கொடுத்தேன். பெயர், வயது, சாதி, ஊர், தொழில். பாட்டின் எண்ணுக்கு நேரே அப்பத்தாவின் எண். வாய்மொழித் தேர்வுக்கு வந்த பேராசிரியர்கள் களப்பணியைப் பாராட்டினார்கள். பெயர் போட்டது சரியா, அவரிடம் கேட்டாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. பிறகு அது புத்தகமாக வந்தது. பெருமையோடு ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு போய் அப்பத்தாவின் கையில் கொடுத்தேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. பேரன் திண்ணையில் உட்கார்ந்து சத்தம் போட்டு வாசித்தான்.

அடுத்த முறை நான் போனபோது தம்பி வீட்டில் நல்லது கெட்டது எதற்கும் அவரை அழைப்பதில்லை என்று தெரிந்தது. குடும்பத்தைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டாள் என்று பேச்சு. எழுபதை நெருங்கும் வயதில் பிறந்த வீட்டு வாசல் அவருக்கு அடைத்துப் போனது. என்னைத் திட்டவில்லை. தண்ணீர் கொடுத்தார். "பாட்டுல சொன்னா காத்தோட போயிரும் தாயி. நீ பேப்பர்ல வச்சுட்டியே" என்றார்.

அந்த முனைவர் பட்டத்துக்காக எனக்குச் சம்பளத்தில் ஊக்க உயர்வு தந்தார்கள். அது இன்றும் வந்துகொண்டிருக்கிறது.

கொடுமை என்னவென்றால், அப்போதே நான் தொல்காப்பியம் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அகத்திணையில் தலைவன், தலைவி யாருடைய இயற்பெயரையும் சுட்டிச் சொல்லக்கூடாது என்ற விதியைக் கரும்பலகையில் எழுதி விளக்கியிருக்கிறேன். பெயர் வந்துவிட்டால் அது அகமாகாது, புறமாகிவிடும் என்று உரையாசிரியர்கள் சொன்னதையும் சொல்லியிருக்கிறேன். ஒருத்தியின் உள்வீட்டைப் பேசும்போது அவள் பெயரைச் சொல்லாதே என்ற அறிவு என் துறையிலேயே இருந்தது. அதை இலக்கணமாக மட்டும் படித்தேன். கண்மாய்க் கரையில் அது நினைவுக்கு வரவில்லை. ஏனென்றால் அங்கே உட்கார்ந்திருந்தவர் எனக்குத் தலைவி இல்லை, தகவலாளி.

அப்படியானால் எல்லாப் பெயர்களையும் அழித்துவிட்டால் சரியாகிவிடுமா? ஆகாது. நாட்டுப்புறப் பாடல் தொகுப்புகளின் அட்டையைப் பாருங்கள். பாடியவள் உள்ளே, தொகுத்தவர் அட்டையில். அப்பத்தா ஒரு கவி. என்னைவிட நல்ல கவி. அவர் பெயரை எடுத்துவிட்டு 'ஒரு மூதாட்டி பாடியது' என்று போட்டால் அது இன்னொரு திருட்டு. தாய்க்குப் பாடிய பாட்டில் தன் பெயர் இருக்கட்டும், மகளுக்குப் பாடியதில் வேண்டாம் என்று அவர் சொல்லியிருக்கலாம். அல்லது மகள் பாட்டில்தான் பெயர் வேண்டும், ஊருக்குத் தெரியட்டும் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். இதற்குச் சூத்திரம் கிடையாது, அவரிடம் கேட்பது ஒன்றுதான் வழி. ஒவ்வொரு பாட்டுக்கும், அச்சுக்குப் போகுமுன் மறுபடியும். நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

இதையெல்லாம் சொன்னால் சமூகப்பணித் துறை நண்பர்கள் கோபப்படுகிறார்கள். தரவு இல்லாமல் சட்டம் எப்படி வரும் என்கிறார்கள். உண்மைதான். வீட்டுக்குள் நடக்கும் அடியை எண்ணிக் காட்டியவர்களின் உழைப்பும் பெண்கள் இயக்கமும் சேர்ந்துதான் 2005இல் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தன. எண்ணவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எண்ணத் தெரிந்தவர்கள் எப்படி எண்ணுகிறார்கள் என்று பாருங்கள் என்கிறேன். தேசியக் குடும்பநல ஆய்வில் வன்முறை பற்றிய பகுதியை ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம்தான் கேட்பார்கள். தனிமை கிடைக்காவிட்டால் அந்தப் பகுதியையே கேட்காமல் விட்டுவிட வேண்டும் என்பது விதி. பெண்கள்மீதான வன்முறையை ஆய்வு செய்பவர்களுக்கென்று உலக சுகாதார நிறுவனம் 2001இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் முதல் விதி, பதில் சொல்பவளின் பாதுகாப்பே எல்லாவற்றுக்கும் மேல் என்பது. பேசிக்கொண்டிருக்கும்போது யாராவது உள்ளே வந்தால் சட்டென்று மாறிக்கொள்ளப் பிள்ளைகளின் உணவு, மாதவிடாய் என்று வேறொரு கேள்வித்தாளைக் கையில் வைத்திருக்கும் வழக்கம்கூட இத்துறையில் உண்டு. லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போகும் அரசு ஆய்வால் கைக்கொள்ள முடிந்த கட்டுப்பாடு 60 வீடுகளுக்குப் போகும் மாணவிக்கு ஏன் சொல்லித் தரப்படவில்லை?

அவர்கள் மறந்துவிடும் இன்னொன்று: நெறிமுறை கெட்டால் ஆய்வுமுறையும் கெடும். மாமியார் முன்னால் 28ஆவது கேள்வியைக் கேட்டால் அந்தப் பெண் எந்தக் கட்டத்தைக் காட்டுவாள்? 'ஒருபோதும் இல்லை.' 60 வீட்டிலும் அதுவே வரும். அதை அட்டவணையாக்கி, விழுக்காடு போட்டு, கை வர்க்கச் சோதனையும் செய்து, 'இப்பகுதியில் மணவாழ்வில் பாலியல் வற்புறுத்தல் இல்லை' என்று முடிவுரை எழுதி, ரெக்ஸின் அட்டை போட்டு நூலகத்தில் வைப்போம். பொய்க்குப் பொன்னெழுத்து. கேட்கக் கூச்சப்படும் பிள்ளைகள் இன்னொன்றும் செய்கிறார்கள், எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை: மரத்தடியில் உட்கார்ந்து தாங்களே கட்டங்களை நிரப்புகிறார்கள். சில நேரம் அதுதான் இருப்பதில் நாகரிகமான செயல் என்றுகூட எனக்குத் தோன்றும். பெண்களைச் சங்கடப்படுத்துவதைவிட நெறியாளரை ஏமாற்றுவது மேல் என்று அந்தப் பிள்ளையின் மனசாட்சி தீர்ப்புச் சொல்கிறது.

படிவத்தில் இருக்கும் இன்னொரு வாக்கியம்: 'நீங்கள் சொல்வது அனைத்தும் முழுமையாக ரகசியமாக வைக்கப்படும்.' குழந்தைத் திருமணம் பற்றி ஆய்வு செய்யப் போகும் மாணவி இதை வாசித்துக் காட்டுகிறாள். எதிரே 17 வயதுப் பெண், ஐந்து மாதக் கர்ப்பம். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி, 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்மீது பாலியல் குற்றம் நடந்ததை அறிந்த யாரும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் சொல்லாதவருக்குத் தண்டனை. 2017இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு கணவன் என்பதும் அந்த வயதுக்கு விலக்கு இல்லை. அப்படியானால் அந்த மாணவி கொடுத்த வாக்கு என்ன? காப்பாற்றினால் சட்டத்தை மீறியவள், மீறினால் நம்பிப் பேசியவளுக்குத் துரோகம் செய்தவள். கணவன் சிறைக்குப் போனால் அந்தப் பெண்ணுக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் சோறு யார் போடுவது என்பது எந்தப் படிவத்திலும் இல்லை. குறைந்தபட்சம், "இதையெல்லாம் சொன்னால் நான் வெளியே சொல்ல வேண்டி வரும், யோசித்துச் சொல்" என்று பேச்சைத் தொடங்குமுன் சொல்லும் நேர்மை வேண்டாமா? 'முழுமையாக' என்ற சொல்லை மொழிபெயர்க்க நான் இப்போது மறுக்கிறேன்.

கேட்டுவிட்டு வரும் பிள்ளையின் கதியும் இருக்கிறது. எங்கள் மாணவிகள் வேறு உலகத்திலிருந்து இறங்கி வந்தவர்கள் இல்லை. 28ஆவது கேள்விக்கான பதில் அவர்கள் வீட்டிலும் இருக்கும். ஒருத்தி அடிபட்ட முதுகைக் காட்டியபோது தன் அம்மாவின் முதுகைப் பார்த்துவிட்டு வந்து, விடுதியில் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்த மாணவியை எனக்குத் தெரியும். அவள் நெறியாளர் கேட்டது, "இன்னும் எத்தனை பாக்கி?" தலித் மாணவியைச் 'சொந்த மக்கள்' என்று சொல்லிக் காலனிக்கே அனுப்புகிறோம். ஊருக்குள் போனால் முதல் கேள்வியை அவளா கேட்கிறாள்? "நீ என்ன ஆளுங்க?" என்று அவர்கள்தான் கேட்கிறார்கள். அந்தப் பதிலுக்குப் பிறகு அவளுக்குத் திண்ணை கிடைக்குமா, தண்ணீர் கிடைக்குமா என்பதைப் பாடநூலின் 'நல்லுறவு ஏற்படுத்துதல்' என்ற அத்தியாயம் கண்டுகொள்வதில்லை.

மாமியார் சாட்சிக்குத் திரும்புகிறேன். அன்றைக்கு நான் அந்தப் பட்டியலை மொழிபெயர்க்கவில்லை. அவளோடு உட்கார்ந்து பேசினேன். அவள் நெறியாளரிடமும் போய்ப் பேசினேன். நல்லவர், கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு ஒப்புக்கொண்டார். முதல் மூன்று வாரம் அவள் கேள்வித்தாளே எடுத்துப் போகவில்லை. பிள்ளைகள் போன பிறகு காலியாகக் கிடக்கும் அங்கன்வாடி அறையில் பிற்பகல்களில் உட்கார்ந்திருந்தாள். 181 உதவி எண்ணையும், மாவட்டப் பாதுகாப்பு அலுவலரின் எண்ணையும் எழுதிய துண்டுச் சீட்டுகளைக் கையில் வைத்திருந்தாள். அந்தச் சீட்டை வீட்டுக்குக் கொண்டுபோனால் ஆபத்து என்று ஒருத்தி சொன்னதால், எண்ணை மனப்பாடம் செய்ய வைத்தாள். ஐந்து கட்டங்கள் போய்விட்டன. "சொல்லணும்னு தோணுறத மட்டும் சொல்லுங்கக்கா" என்பதே கேள்வியானது.

கடைசியில் அவளிடம் பேசியவர்கள் 19 பேர். மாட்டேன் என்றவர்கள் 7 பேர். பாதியில் எழுந்து போனவர் ஒருவர். அந்த எட்டுப் பேரையும் அவள் தனி அட்டவணையாகப் போட்டாள். பெயர் இல்லை, வயது இல்லை, காரணம் கேட்கவில்லை என்ற குறிப்போடு.

வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர், "அறுபது இல்லையேம்மா, மாதிரி பத்தாதே" என்றார். "மாட்டேன்னு சொன்னவங்களையும் சேத்துத்தான் சார் எண்ணியிருக்கேன்" என்றாள். வகுப்பில் அவளுக்குத்தான் குறைந்த மதிப்பெண்.

சமூகப்பணி கற்பிக்கும் நண்பர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஆய்வுமுறை ஒரு தாள், நெறிமுறை அதன் கடைசி அலகு என்று வைக்காதீர்கள். முதல் வகுப்பிலிருந்தே அதுதான் பாடம். 60 என்ற எண்ணைக் கைவிடுங்கள். எம்.எஸ்.டபிள்யூ. ஆய்வேட்டைப் படித்துவிட்டு எந்த அரசும் சட்டம் போடப்போவதில்லை. அது மாணவி கற்றுக்கொள்வதற்கான பயிற்சி, பயிற்சிக்காக யாருடைய வீட்டையும் கலைக்கக்கூடாது. உதவி என்று கொடுக்கக் கையில் ஒன்றுமில்லாத பிள்ளையை அடிபட்டவளிடம் அனுப்பாதீர்கள். எழுதியதை எடுத்துப்போய், யார் கொடுத்தார்களோ அவர்களுக்கு வாசித்துக் காட்டச் செய்யுங்கள், அச்சுக்கும் தேர்வுக்கும் முன்னால். எடுத்துவிடு என்று அவர்கள் சொன்னதை எடுத்துவிடச் சொல்லுங்கள். நான் இதைச் செய்திருந்தால் ஒரு கிழவிக்குப் பிறந்த வீடு மிஞ்சியிருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு ஆய்வேட்டிலும் மறுத்தவர்களின் அட்டவணையைக் கட்டாயமாக்குங்கள். 60 பேரிடம் கேட்டேன், 60 பேரும் முழு மனதோடு சம்மதித்தார்கள் என்று எழுதும் ஆய்வேட்டை நான் நம்புவதில்லை. தன் உடம்பைப் பற்றி, தன் படுக்கையைப் பற்றி, செத்துப்போன மகளைப் பற்றி முன்பின் தெரியாத ஒருத்தி வந்து கேட்கும்போது ஒரு பெண்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை என்றால், அந்த ஊரில் வேண்டாம் என்று சொல்ல வழியில்லை என்றுதான் பொருள். முதலில் எழுத வேண்டியது அதைத்தான்.